அம்மாவின் கைக்கு ஒரு தந்தி

சிறுவர் வார்டு,
பெரியாஸ்பத்திரி, பதுளை.
15.06.1979, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் பத்மாவதி எழுதுகிறேன். நடந்தது எல்லாவற்றையும் நடந்தபடியே, உண்மையாக எழுதப்போகிறேன். யாருடைய மனம் நோகும் என்று பார்த்து எதையும் குறைக்கப்போவதில்லை. நான் செய்ததையும் குறைக்கமாட்டேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருக்கிறார்கள். இங்கே யாரும் நலமாக இல்லை. ஆகவே அந்த வரியை விட்டுவிட்டேன்.

நவமணிக்கு ரத்தப் புற்றுநோய். ஐந்து வயது வரை நீங்கள் இடுப்பில் வைத்து வளர்த்த அதே நவமணிதான். இப்போது அவளுக்குப் பத்து வயது. சித்திரையில் காய்ச்சல் தொடங்கியது. கை கால்களில் அடிபடாமலே நீலம் நீலமாகக் கன்றியது. தோட்டத்து மருந்துக்காரர் மூன்று தடவையும் ஒரே சிவப்புத் தண்ணீரைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்து, பள்ளிக்கூடம் போகக் கள்ளம் அடிக்கிறாள் என்றார். நான்காம் தடவை மூக்கிலிருந்து வந்த ரத்தம் நிற்கவே இல்லை. அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, பதுளை பஸ்ஸை நடுவில் நின்று மறித்தார்.

இங்கே இடுப்பெலும்பில் ஊசி இறக்கிப் பரிசோதித்தார்கள். நானும் அம்மாவும் கதவுக்கு வெளியே நின்றோம். அவள் கத்தியது இரண்டு பேருக்கும் கேட்டது. அம்மா என்று கத்தவில்லை. சித்தி என்று கத்தினாள். உங்கள் முகம் அவளுக்கு நினைவிருக்காது என்று நான் எண்ணியிருந்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவின் கைகளை உங்களுக்குத் தெரியும். நீங்கள் போனபிறகு இன்னும் மோசம். விடியுமுன் நான் தண்ணீர் கொதிக்க வைப்பேன். அம்மா அதில் கையை அமிழ்த்தி, மடங்கிப்போன விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எடுப்பார். பிறகுதான் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போவார். அங்கே வரிசையில் நிற்கும்போது கைகளை இடுப்பில் கட்டிய படங்குச் சீலைக்குள் மறைத்துக்கொள்வார். கங்காணி கண்ணில் வீங்கிய விரல் படக்கூடாது. பறித்த தேயிலைக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போட்டு அரை நாள் சம்பளம்தான் தருவார்கள். நோயாளி என்று தெரிந்தால் பேரையே வெட்டிவிடுவார்கள். ஆகவே லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நோய் என்ற சொல்லை வாசலுக்கு வெளியே யாரும் எடுத்துப் போவதில்லை. உங்கள் மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்புப் படர்ந்தபோதும் இப்படித்தானே செய்தோம். நீங்கள் மஞ்சளை அப்பிக்கொண்டு மலைக்குப் போனீர்கள். வெயில் பட்டு அது எரிந்தபோது, ஈரத்துணியால் நான் விசிறியிருக்கிறேன்.

நவமணியை இங்கே சேர்த்த மறுநாள், டாக்டர் இரகுநாதன் எங்களைக் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்துக் கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், இளம் டாக்டர், எல்லாவற்றையும் கையாலேயே விரிவாக எழுதிக்கொள்வார். குடும்பத்தில் வேறு யாருக்காவது நீண்ட நாள் வருத்தம் இருக்கிறதா என்பது கேள்வி. அப்பா தோட்டத்துத் துரைக்கு முன் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு, "எங்க குடும்பத்துல யாருக்கும் ஒரு கொறையும் இல்லீங்கையா" என்றார். யோசித்துச் சொல்லவில்லை, பழக்கத்தில் வந்தது. இது ஆஸ்பத்திரி, பெரட்டுக் களம் இல்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

டாக்டர் அம்மாவின் கைகளைப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். அம்மாவின் விரல் மூட்டுகள், காலையில் மடக்க முடியாதது, உங்கள் முகத்துச் சிவப்பு, உங்களுக்கு இரண்டு தடவை பிள்ளை தங்காமல் போனது, எல்லாவற்றையும் வகுப்பில் எழுந்து நின்று சொல்வதுபோல வரிசையாகச் சொன்னேன். அவர் கெட்டிக்காரப் பிள்ளை என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சித்தி. தங்கச்சி பக்கத்தில் கிடக்கும்போது அந்த ஒரு சொல்லுக்கு நான் சந்தோஷப்பட்டேன். உண்மையை எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா, இதுதான் அது.

கட்டிலின் மறுபக்கம் கருப்பம்மா அத்தை நின்றுகொண்டிருந்தார். அப்பாவின் அக்கா எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் வாரம் நவமணிக்கு ரத்தம் ஏற்ற வேண்டும், கொடுக்கக்கூடியவர்கள் வாருங்கள் என்றார்கள். முதலில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றவர் அம்மா. சோதித்துப் பார்த்துவிட்டுத் தாதி மிஸ்ஸி அவரைத் திருப்பி அனுப்பினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிற நான் அன்று மட்டும் கேட்கவில்லை. அப்பாவிடம் எடுத்தார்கள், அத்தை மகனிடம் எடுத்தார்கள்.

அவ்வளவு போதும் அத்தைக்கு. அன்று மாலை, உடுப்பு மாற்ற அம்மாவும் லயத்துக்கு வந்திருந்தபோது, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், குடத்தோடு நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னார்: "டாக்டரு மொதல்ல இவ கையப் பாத்தாரு. அப்பறம் இவ ரத்தமே வேணாம்னுட்டாரு. இதுக்கு மேல என்னாடி சாட்சி வேணும்? அக்காளுக்குக் கையில, தங்கச்சிக்கு மூஞ்சியில, இப்ப எங்க புள்ளைக்கு உள்ளுக்குள்ள. கெட்ட ரத்தம் எங்க வீட்டுக்குள்ள வந்துருச்சு."

நவமணிக்குள் எங்கள் அப்பாவின் ரத்தமும் ஓடுகிறதே என்று அத்தையிடம் நான் கேட்டேன். "நாலெழுத்துப் படிச்சதும் எனக்கே பாடம் சொல்றியா? எங்க வம்சத்துல ஒருத்தனுக்குத் தலவலின்னு வந்தது கெடயாது" என்றார். "தல இருந்தாத்தானே அத்தை வலிக்கும்" என்றேன். குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள் பெண்கள். அத்தை சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னை அடித்தார். பெரியவர்களை எதிர்த்துப் பேசியதற்காம். அந்தப் பெரியவர் பேசியதற்கு யார் அடிப்பார்கள் என்று கேட்டேன். அதற்கும் ஓர் அடி விழுந்தது. பிறகு அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை.

ஆனால் அம்மா அத்தை சொன்னதை நம்பிவிட்டார். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சிறுவர் வார்டில் தாய்மார் கட்டிலோடு இருக்கலாம். அம்மா முதல் மூன்று வாரம் அப்படித்தான் இருந்தார். அன்றைக்குப் பிறகு வரவில்லை. இன்றோடு இருபத்து மூன்று நாள். நான்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இங்கே இருக்கிறேன். அம்மா நவமணியின் உடுப்பைத் துவைப்பதில்லை, பக்கத்துக் காம்பராவில் கொடுத்துவிடுகிறார். அவளுக்கென்று அடுப்பில் எதுவும் வைப்பதில்லை. போன வாரம் நான் லயத்துக்குப் போய்க் கெஞ்சினேன், பிறகு கத்தினேன். அம்மா தன் கையை விளக்குக்கு நேரே நீட்டி, "டேசன்ல என் தங்கச்சி மடியிலருந்து புள்ளயப் புடுங்குன கை இது. அவ வயிறெரிஞ்சு போனா. இந்தக் கையால இனி புள்ளய நான் தொடமாட்டேன். தொட்டா எனக்கு மிஞ்சமாட்டா" என்றார்.

எனக்கு அன்று பதினொரு வயது. எல்லாம் நினைவிருக்கிறது. இந்தியாவுக்குப் போக நீங்களும் சித்தப்பாவும் பெட்டிகளோடு தலைமன்னார் போகும் கோச்சி வண்டியில் உட்கார்ந்திருந்தீர்கள். வழியனுப்ப வந்தவர்கள் மார்பில் அடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நவமணி சன்னல் வழியாக உங்கள் மடிக்கு ஏறிவிட்டாள். அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். "பிள்ளை தங்காதவ மூஞ்சிய வச்சுப் புள்ளைய ஒரசுறா பாரு" என்று அத்தை சொன்னார். உடனே அம்மா அவளை உங்கள் மடியிலிருந்து இழுத்தெடுத்தார். உங்கள் சீலைத் தலைப்பு நவமணியின் கையோடு வந்துவிட்டது. அதை நீங்கள் விடுவித்துக்கொண்டீர்கள். யார் போக வேண்டும், யார் இருக்க வேண்டும் என்று இரண்டு அரசாங்கங்கள் காகிதத்தில் எழுதியது போதாதென்று, அம்மாவும் தன் பங்குக்கு உங்களை விலக்கிவிட்டார்.

கூடலூரிலிருந்து உங்கள் ஒரே கடிதம் வந்தது. அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். பிள்ளை என்னைத் தேடினாளா என்று கேட்டிருந்தீர்கள். தேடினாள். உங்கள் பாய் இருந்த மூலையில் போய்ப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்றாள். பதில் எழுதட்டுமா என்று கேட்டேன். எந்த முகத்தோடு எழுதுவது, பேசாமல் இரு என்றார் அம்மா. நானும் பேசாமல் இருந்தேன். எனக்கு எழுதத் தெரிந்தும் எழுதவில்லை. நீங்களும் அதன்பிறகு எழுதவில்லை. அதற்காக உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இன்னொரு தடவை எழுதியிருக்கலாம். அந்தக் கடிதம் இன்னும் அரிசிக் கூப்பன் புத்தகங்களோடு டின்னில் இருக்கிறது. விலாசத்தை அதிலிருந்துதான் எடுத்தேன்.

புதன்கிழமை நான் டாக்டர் இரகுநாதனின் அறைக்குத் தனியாகப் போனேன். இரும் என்றார். நான் இருக்கவில்லை. அம்மாவின் ரத்தத்தை ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று நின்றபடியே கேட்டேன். அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உம்மட அம்மாவுக்கு ரத்தம் குறைவு, பிள்ளை. இருக்கிறது அவவுக்கே காணாது. அந்த மூட்டு வருத்தத்தோட அதுவும் வாறது. அதாலதான் எடுக்கேல்லை. கெட்ட ரத்தமெண்டு உலகத்தில ஒண்டும் இல்லை" என்றார்.

அப்படியானால் எதற்காகக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டீர்கள் என்றேன். இதற்கு அவர் சொன்னதை அப்படியே குறித்து வைத்தேன். நமக்குள் கிருமிகளை அடிப்பதற்கென்று ஒரு காவல் இருக்கிறது. அம்மாவுக்கு அந்தக் காவல் ஆளை மாற்றித் தன் மூட்டுகளையே அடிக்கிறது. உங்களுக்கும் அந்த வகை நோய்தான் இருக்கலாம், ஆனால் உங்களைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நவமணிக்கு அந்தக் காவலைச் சேர்ந்த வெள்ளை அணுக்களே பக்குவப்படாமல் அளவுக்கு மிஞ்சிப் பெருகிவிட்டன. வெளிநாடுகளில் சில டாக்டர்கள் குடும்பம் குடும்பமாக விசாரித்துப் பார்க்கிறார்கள். சில குடும்பங்களில் ஒருவருக்கு அந்த நோயும் இன்னொருவருக்கு இந்த நோயும், தற்செயலாக வரக்கூடியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காணப்படுகிறதாம். கொஞ்சம் என்ற சொல்லின் கீழே கோடு போடச் சொன்னார். போட்டேன். ஏன் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அவர் கேட்டு எழுதிக்கொள்கிறார்.

அத்தை சொன்னதில் உண்மை இருக்கிறதா என்று நான் கேட்டேன். சித்தி, கேட்கும்போது எனக்குப் பயமாக இருந்தது. ஆமென்று சொல்லிவிடுவாரோ என்று. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "உம்மட அம்மா மாதிரி மூட்டு வருத்தம் உள்ள ஆயிரம் தாய்மாரைக் கொண்டு வந்து நிறுத்தும். அவையின்ர பிள்ளையள் கிட்டத்தட்ட எல்லாரும் சுகமாத்தான் இருப்பினம். தொட்டு வாறதும் இல்லை, சமைச்சுக் குடுத்து வாறதும் இல்லை, ஆரும் சபிச்சு வாறதும் இல்லை. காரணம் தெரியாத வருத்தத்துக்கு ஓராளைப் பிடிச்சுக் குற்றவாளிக் கூட்டில ஏத்தக்கூடாது."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். அத்தனை பேருக்கு நடுவில் கேட்காமல் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே, நீங்கள் கேட்டுவிட்டுப் போய்விட்டீர்கள், எங்கள் லயத்தில் அதைத் தீர்ப்பாக வைத்திருக்கிறார்கள் என்றேன். என் குரல் வெளியே கேட்டு மிஸ்ஸி எட்டிப்பார்த்தார். டாக்டர் கோபிக்கவில்லை. "அது என்ர பிழைதான், பிள்ளை" என்றார். பெரிய மனிதர் ஒருவர் பிழை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குமேல் எனக்குக் கத்த வரவில்லை.

மறுநாள் லயத்துக்குப் போய் அவர் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார், அத்தையிடம் போய்ச் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன். நீ படிச்ச புள்ள, எனக்கு ஆறுதலா ஏதாச்சும் சேத்துச் சொல்லுவ என்றார். டாக்டரே தன் கையால் எழுதித் தந்த காகிதத்தைக் காட்டினேன். அதை வாங்கக்கூட இல்லை.

17.06.1979, ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமையே முடித்து அனுப்ப நினைத்தேன். அன்று நவமணிக்குக் காய்ச்சல் கூடியதால் முடியவில்லை. இன்று நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

காலையில் அம்மா வந்தார். வார்டுக்கு இல்லை, கேட் வரைக்கும். காவற்காரர் வந்து உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றபோது நான் படியில் ஓடினேன். மதிலோரம் அம்மா நின்றார். கையில் வாழையிலைப் பொட்டலம், நவமணிக்குப் பிடித்த தேங்காய் ரொட்டி. அந்த விரல்களால் தேங்காய் துருவி மாவு பிசைய எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் காம்பரா அக்கா சுட்டதென்று பொய் சொன்னார். நான் கையை நீட்டினேன். அம்மா என் கையில் தரவில்லை. பொட்டலத்தை மதிலின்மேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். எனக்கும் அவர்தானே தாய். என்னையும் தொடாமல் நின்றார். மேலே வாருங்கள், அவள் உங்களைத்தான் கேட்கிறாள் என்றேன். மேல்மாடிச் சன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சீலையால் வாயைப் பொத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டார். நான் அந்த இடத்தில் நின்று அம்மா, அம்மா என்று கத்தினேன். கடலை விற்பவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அம்மா திரும்பவில்லை.

நவமணிக்கு வாயெல்லாம் புண், ரொட்டி தின்ன முடியாது. பொட்டலத்தைப் பிரித்து முகத்தருகே வைத்துக்கொண்டாள். அம்மா சுட்டது என்று உடனே சொல்லிவிட்டாள், அம்மாதான் ஓரத்தைக் கருக விடுவார் என்றாள். அம்மா ஏன் மேலே வரவில்லை என்று கேட்டாள். கொழுந்து அதிகம், பெரட்டுக்குப் போய்விட்டார் என்றேன். கடிதத்தில் உண்மை எழுதுகிறேன், அவளிடம் பொய் சொன்னேன். அவள் பொட்டலத்தை மடித்துத் தலையணையின் பக்கத்தில் வைத்தாள். பிறகு, "ஞாயித்துக்கெழமையுமா பெரட்டு?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

சித்தி, இப்போது நான் கேட்கப்போவதைக் கவனமாக வாசியுங்கள்.

எனக்கு ஒரு தந்தி வேண்டும். டாக்டர் எழுதியதை அம்மா நம்பவில்லை, நான் சொன்னதையும் நம்பவில்லை. தந்தியை நம்புவார். தந்தி பொய் சொல்லாது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. தந்தி கொண்டுவரும் சைக்கிள்காரரைக் கண்டாலே லயத்தில் அழத் தொடங்குகிறவர்கள் நாங்கள். அதை எனக்கு அனுப்ப வேண்டாம். அம்மா பெயருக்கு, தோட்டத்து விலாசத்துக்கு அனுப்புங்கள். அது தோட்ட ஆபீசில் பெரிய கிளாக்கர் கைக்குத்தான் போகும். அவர் வழக்கம்போலக் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வாசிப்பார். இங்கிலீசில் இருந்தாலும் தமிழில் சொல்வார். கங்காணிக்கும் கேட்கட்டும். அத்தைக்கும் கேட்கட்டும். என்ன நோய் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று எந்தக் களத்தில் அம்மா கையை மறைத்துக்கொண்டு நின்றாரோ, அங்கேயே எல்லார் காதிலும் விழட்டும். ஒரு வரி போதும்: அக்கா, நான் சபிக்கவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொள்.

நீங்கள் இன்னும் கோபமாக இருக்கலாம். இருங்கள். அது உங்களுக்கு உரியது, விட்டுவிடுங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கோபத்தோடேயே தபால் கந்தோருக்குப் போய் அந்த வரியை அனுப்புங்கள். மன்னிப்பெல்லாம் பிறகு ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு நேரம் இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் முகத்தை அங்கே ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். நவமணிக்குக் கொடுக்கிற சின்ன மாத்திரைகளில் ஒன்றை உங்கள் வகை நோய்க்கும் கொடுப்பார்களாம். மஞ்சள் பூசிக்கொண்டு போகாதீர்கள். யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள், எல்லாவற்றையும் அதற்காகத்தான் விவரமாக எழுதினேன்.

நவமணியை மேல் சிகிச்சைக்குக் கொழும்புக்கு அனுப்பும் பேச்சை இந்த வாரம் விட்டுவிட்டார்கள். வியாழக்கிழமையோடு ஊசியையும் நிறுத்திவிட்டார்கள். டாக்டர் வந்தால் இப்போது பதிவேட்டில் எழுதுவதில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறார். அவள் என்ன கேட்டாலும் கொடுங்கள் என்று மிஸ்ஸியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான், அது மிஸ்ஸியிடம் இல்லை.

கடிதம் உங்கள் கைக்கு வரப் பத்து நாள் ஆகும். ஆகவே வாசித்து முடித்ததும் மடித்து வைத்துவிட்டு யோசிக்காதீர்கள். அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டுப் புறப்படுங்கள். உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

உங்கள் மகளாகவும் இருந்த நவமணிக்காக,
பத்மாவதி.

மிஸ்ஸி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். நவமணி கதவுப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருக்கிறாள், கண் மூடவில்லை. லைட்டை அணைத்துவிட்டார்கள்.